பட்டியலில் முதல் பெயர்

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன், அக்கா. யாரிடம் சொன்னாய், எப்போது சொன்னாய் என்று உங்கள் வழக்கப்படி குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். சொன்னேன். அந்தப் பெண்ணின் படிப்பு நின்றுபோகும் என்பதும், உங்கள் மேசையைத் தேடி ஒரு பிள்ளையும் வராது என்பதும், அதற்கப்புறம் நீங்களும் அதிக நாள் இருக்கமாட்டீர்கள் என்பதும் எனக்கு முன்பே தெரிந்திருந்தன. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் நாற்பது வருஷம் லேத்தில் நின்ற காது இது. இரும்பில் விரிசல் விழப்போகிறது என்றால் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இன்று காலை பூனா கோர்படியில் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தாகிவிட்டது. கடை நிறையப் பிள்ளைகள், கையில் மார்க் ஷீட். கடைக்காரன் ஒருத்தனுடைய சர்டிபிகேட்டை லேமினேஷன் மெஷினுக்குள் விட்டான். சூடான பிளாஸ்டிக் வாசனை வந்ததும் எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. "ஏம்பா, ஒரிஜினலைப் போய் லேமினேட் பண்ணி வச்சிருக்கியே, ஆபீசுல எது மேல சீல் குத்துவாங்க? உன் நெத்தியிலயா?"

நாம் சந்தித்த முதல் நாள் அது. அம்மன் கோயிலை ஒட்டிய அந்தச் சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் பிள்ளைகளுக்குக் காலேஜ் பாரம் நிரப்பிக் கொடுக்கும் மேசையில், என் பையனின் சர்டிபிகேட்டுகளை எல்லாம் பளபளவென்று கொண்டுவந்து வைத்திருந்தேன். கலெக்டர் ஆபீசில் எனக்குச் சலாம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். நீங்கள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அப்போ அவங்களையே கூப்பிடு, நான் டீ குடிச்சிட்டு வர்றேன்" என்றீர்கள். அன்றிலிருந்து அந்த மேசையில் உங்களுக்கு வலதுகை நான்தான். இதை நானாகத்தான் முடிவுசெய்தேன். நீங்கள் மறுத்துச் சொல்லவில்லை.

நம் மேசையைத் தேடி லோஹேகாவிலிருந்து விமானப்படைக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். சரி, ஸ்கூட்டரில் வந்தார்கள். ஆனால் வந்தார்கள். கன்டோன்மென்ட், பாக்டரி குவார்ட்டர்ஸ், ரயில்வே காலனி என்று பூனாவில் இருந்த நம் தமிழ் ஜனங்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த மேசையைத் தாண்டித்தான் காலேஜுக்குப் போனார்கள். ஐம்பது இன்ஜினியர்களை நான் அனுப்பினேன் என்று வெளியே சொல்வேன். நீங்கள் எத்தனை பேர் என்று சொன்னதே இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக முப்பது வருஷம் பாரம் நிரப்பி ரிடையர் ஆனவர், மறுபடியும் சம்பளமில்லாமல் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தீர்கள்.

உங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை ஒரு காலேஜ் பெயரைச் சொன்னால் உடனே எழுதமாட்டீர்கள். "எந்த பஸ்?" என்பீர்கள். "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவ?" என்பீர்கள். அப்புறம் பக்கத்தில் நிற்கும் அப்பா பக்கம் திரும்பி, "நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க, அனுப்புவேன்னு" என்பீர்கள். தலையாட்டினால் போதாது, சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாத காலேஜ், நாம் வரிசைப்படுத்தி அனுப்பும் விருப்பப் பட்டியலில் ஏறாது. ஒரு மிலிட்டரி சுபேதார் முகம் சிவந்து, "நான் என்ன கோர்ட்டுலயா நிக்கிறேன்?" என்று கேட்டார். "இல்லைங்க, கோர்ட்டுல அப்பீல் இருக்கு. இங்க இல்ல" என்றீர்கள்.

அட்மிஷன் சுற்றுகளின் விதியை ஒவ்வொரு பிள்ளைக்கும் நீங்கள் விரல்விட்டுச் சொல்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பட்டியலில் இரண்டாவதோ மூன்றாவதோ எழுதிய காலேஜ் கிடைத்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். முதலில் எழுதியதே கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்துக்கு வெளியே. "அதனால முதல் இடத்துல ஆசையை எழுதாதே, உன்னால போக முடிஞ்சதை எழுது" என்பீர்கள். நான் அப்போது டீ விநியோகத்திலோ, என் வீரக்கதைகளிலோ இருப்பேன். பார்த்தேன் என்கிறேன், கேட்டேன் என்று சொல்லவில்லை.

போன வருஷம்தான் ரேவதி வந்தாள். அவள் அப்பா ஏழுமலை கசார்வாடியில் நான் வேலை பார்த்த அதே ஒர்க்‌ஷாப்பில் இன்னும் லேத் ஓட்டுகிறவன். எங்கள் வேலூர்ப் பக்கத்துக்காரன். அவன் சம்சாரத்துக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கட்டிலில் சாய்த்துவிட்டுத்தான் ரேவதி பள்ளிக்கூடம் போனாள். அப்படியும் வாங்கிய மார்க்கைப் பார்த்து நீங்களே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தீர்கள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க வேண்டும், ஆனால் பூனாவுக்குள்ளேயே, தினமும் வீடு திரும்பும் தூரத்தில். அது ஒன்றுதான் அவளுக்குத் தேவை. பூனாவில் கிடைத்தால் படிப்பு உண்டு, வெளியே என்றால் கிடையாது. இது எனக்கும் தெரியும், ஏழுமலைக்கும் தெரியும்.

வருமானச் சான்றிதழ் தாமதமாக வந்ததால் அவள் பட்டியல் கடைசி நாளுக்குத் தள்ளிப்போயிற்று. கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. வியாழன் உங்களுக்கு டயாலிசிஸ். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும், நீ கூட இரு, அவளே டைப் பண்ணுவா" என்று லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலிக்கு ஒரு உயரம் இருந்தது, அக்கா.

ரேவதி பூனா காலேஜ்களை வரிசையாக டைப் செய்தாள். பார்க்கச் சப்பென்று இருந்தது. ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய விதர்பா பக்கத்தில் ஒரு பெரிய அரசுக் கல்லூரி, பெயரைச் சொன்னாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். "அதைத் தலையில வை" என்றேன்.

"மாமா, வோ தோ பகூத் தூர் ஹை" என்றாள், ரொம்பத் தூரமாம். பிறகு தட்டுத்தடுமாறித் தமிழில், "அம்மாவை... யாரு பாக்கறது?"

"கிடைக்கவா போவுது? சும்மா மேல இருக்கட்டும், லிஸ்ட்டுக்கு ஒரு கம்பீரம். கிடைக்கலைன்னா தானா கீழ எறங்கி வந்துடும். கிடைச்சாலும் வேணாம்னு சொல்லிட்டு அடுத்த ரவுண்டுல பூனா வாங்கிக்கலாம். எத்தினி பேருக்கு வாங்கிக் குடுத்துக்கிறேன் நானு!"

ஏழுமலை கையைப் பிசைந்தான். "எனக்கு இன்னா மாமா தெரியும்? அக்கா இன்னா சொல்றாங்களோ அப்பிடியே போடு."

அந்த நேரத்தில்தான் உங்கள் போன் வந்தது. மணி நாலரை. ஊசி குத்திய கையோடு படுத்தபடியே பேசினீர்கள், பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. பெரிய காலேஜையே மேலே போடு என்று நீங்கள் சொன்னீர்கள். நான் போனை வைத்துவிட்டு, "கேட்டுக்கினியா? அக்காவே சொல்லிட்டாங்க" என்றேன். ஏழுமலை ஹாலின் கதவு வழியாகக் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். ரேவதி பெயரை மேலே ஏற்றினாள். அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பட்டியல் பூட்டப்பட்டது.

அலாட்மென்ட் வெளியான அன்று, மேலே ஏற்றிய அந்த முதல் பெயரே அவளுக்குக் கிடைத்திருந்தது. நான் முதல் ஆளாகப் பேடா வாங்கிக்கொண்டு கசார்வாடிக்கு ஓடினேன். ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஒரு மராத்திக்காரர் என் கையைக் குலுக்கினார். ரேவதி பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், வாயில் போடவில்லை. எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த நாள் ஏழுமலை லீவு போட்டு அட்மிஷன் சென்டருக்குப் போய், அடுத்த ரவுண்டு எப்போது என்று கேட்டிருக்கிறான். உங்கள் பெண்ணுக்கு அடுத்த ரவுண்டு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு வந்தான். நான் ஏற்கெனவே அங்கேதான் இருந்தேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதானேம்மா போட்டோம்" என்றான். அவன் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கெஞ்சுகிற குரலில் கேட்டான். "போன்ல சொன்னீங்களாமே. படிச்சவங்க, ஆபீசுல இருந்தவங்க. எங்க வீட்டு நெலமை தெரிஞ்சும் ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

நீங்கள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தீர்கள். என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். ஒரே ஒரு தடவை. பிறகு அவனைப் பார்த்து, "என் மேசையில நடந்தது, ஏழுமலை. தப்பு என்னோடதுதான்" என்றீர்கள்.

அதற்கப்புறம் நீங்கள் விடவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தீர்கள், மனு எழுதினீர்கள், வீங்கிய காலோடு ஆட்டோவில் இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கினீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. தனியார் காலேஜில் சேர்க்க ஏழுமலையால் முடியாது. ரேவதி கசார்வாடியிலேயே பேக்கிங் வேலைக்குப் போனாள். நட்டு, போல்ட்டை எண்ணிப் பையில் போட்டு ஒட்டுகிற வேலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் ஹாலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தீர்கள். யாரும் வரவில்லை. நம் ஜனங்களிடம் செய்தி அப்படிப் பரவும். அந்தம்மா பட்டியலை மாத்திப் போட்டு ஒரு பொண்ணு வாழ்க்கை போச்சாம். காலி மேசையில் நீங்களும் நானும் மட்டும். நான் உங்களுக்குக் கதை சொன்னேன், லோஹேகாவில் ஒரு ஏர் மார்ஷல் என்னிடம் யோசனை கேட்ட கதை. ஒரு வாரம் அந்தக் கதையை நடுவில் நிறுத்தி, "தம்பி, எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா உனக்கு?" என்று கேட்டீர்கள்.

"டீ சொல்லட்டுமாக்கா?" என்றேன்.

"சொல்லு" என்றீர்கள்.

ஜனவரியில் போய்விட்டீர்கள். உங்கள் காரியத்துக்கு வந்த கூட்டத்தில் நீங்கள் காலேஜுக்கு அனுப்பிய பிள்ளைகள் ஒன்பது பேர் இருந்தார்கள். வெளியே நான் தொண்ணூறு என்று சொல்லியிருக்கிறேன். ஏழுமலை வரவில்லை. ரேவதி மட்டும் வேலையிலிருந்து நேராக, கையில் பசைக் கறையோடு வந்து, வாசலில் நின்றுவிட்டுப் போனாள்.

போன ஞாயிறு ஏழுமலையைப் பார்க்கப் போனேன். அவன் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாரம் கொடுக்கிறார்கள். காலை வகுப்பு மட்டும்தான், அம்மாவையும் பார்த்துக்கொள்ளலாம். வருகிற சனிக்கிழமை கடைசி நாள். ரேவதி பாரத்தை வாங்கி வைத்திருக்கிறாள். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி.

"வேணாம் மாமா" என்றான் ஏழுமலை. "அவ்ளோ நல்லவங்க, அவ்ளோ படிச்சவங்க, அந்தக்காவே எங்களைக் குழியில தள்ளிட்டாங்க. இனிமே எந்த பாரத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன். மாப்பிள்ளை பார்த்துக்கினுக்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, நீ கூடத்தானே இருந்தே."

ரேவதி அம்மாவுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். தம்ளரை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வானிலை, வெங்காய விலை எல்லாம் பேசிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அதிலிருந்து தூக்கமில்லை, அக்கா. மற்ற கதைகளில் நான் எவ்வளவு சேர்த்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஜீப்பு ஸ்கூட்டரானால் என்ன, ஒன்பது தொண்ணூறானால் என்ன. இந்த ஒரு கதை மட்டும் இன்னும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. அது ஒரு கையெழுத்தைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. உங்களிடமே, இந்த மடலிலேயே, அதை மறுபடியும் அப்படியே எழுதிவிட்டேன் பாருங்கள். அவ்வளவு பழகிவிட்டது.

போன் வந்தது நிஜம். நாலரை மணி நிஜம், மெஷின் சத்தம் நிஜம். பட்டியலை மாற்ற இன்னும் அரை மணி நேரம் இருந்ததும் நிஜம். நீங்கள் சொன்னதாக நான் சொன்னது மட்டும் என் கற்பனை. நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தீர்கள். "தம்பி, பூனா தானே முதல்ல இருக்கு?" என்று கேட்டீர்கள். ஏழுமலையும் அவன் பெண்ணும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "ஆமாக்கா" என்றேன்.