நவராத்திரியில் வீடு பார்த்தோம்

2 அக்டோபர், புதன்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். அமாவாசை.

இன்றோடு பித்ரு பட்சம் முடிகிறது. கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கி இரண்டு வாரம் ஆகிறது, ஒரு வீடுகூடப் பார்க்கவில்லை. ராமாபுரத்திலிருந்து மாமியார் தினமும் போன்: "அம்மாவாசை போகட்டும் சாமி, அப்பறம் ஊடு பாருங்க." இது எங்கள் பக்கத்துப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். மைசூர் மொத்தமும் அதே கட்சி. புரோக்கர் நாகராஜ் போனை எடுத்தாலும், "அமாவாசே ஆகலி மேடம்" என்று வைத்துவிடுகிறார்.

நாளையிலிருந்து வேட்டை. வேண்டியவை:
— சிவாவின் ஃபேக்டரிக்கு (ஹூட்டகள்ளி) ரொம்பத் தூரம் கூடாது
— தண்ணீர்
— துணி காயப்போட வெயில் விழும் இடம்
— நடந்து போகிற தூரத்தில் பள்ளி
— மித்ரா வாய் திறக்கிற தெரு

கடைசி ஒன்றுக்காகத்தான் பெங்களூரையே விட்டு வந்தோம். மகளுக்கு ஐந்து வயது. வீட்டுக்குள் வாய் ஓயாது. எனக்கே, "அம்மா, சொன்ன கதைய ஏன் திரும்பச் சொல்ற?" என்பாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பள்ளி டீச்சர் அவள் குரலைக் கேட்டதே இல்லை. டாக்டர் சொன்னது: வற்புறுத்தாதீர்கள், இடம் பழகட்டும், முகங்கள் பழகட்டும். அங்கே பதினாலாவது மாடியில் எந்த முகம் பழகும்? லிஃப்டில் எல்லோரும் போனைப் பார்ப்பார்கள்.

பால் பாக்கெட், மித்ராவுக்குச் செருப்பு, நாகராஜுக்குக் காலையிலேயே போன்.

3 அக்., வியாழன்

போகாதி தாண்டி ஒரு புது லேஅவுட். மதில், கேட், காவலாளி, சீசா, ஊஞ்சல். வீடு புத்தம் புதுசு. தரையில் என் முகம் தெரிகிறது. மொட்டை மாடியில் ஏறினால் சாமுண்டி மலை. இந்த ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரிகிறது. வழி தவறினால்கூட, மலை எந்தக் கைப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் போதும் போலிருக்கிறது.

சிவாவுக்கு உடனே பிடித்துவிட்டது. "அமைதியா இருக்குது பாரு. இப்பிடி எடத்துலதான் புள்ளைக்குப் பயம் தெளியும்."

எனக்கும் பிடித்தது. எனக்கு எதுதான் பிடிக்கவில்லை என்பது அவருடைய கேலி. நாகராஜ் போன் பேச வெளியே போனபோது மித்ரா காலி ஹாலின் நடுவில் நின்று பாடினாள். எதிரொலி கேட்டுச் சிரித்தாள். நாகராஜ் திரும்பி வந்தார், பாட்டு நின்றது. என் சேலைத் தலைப்புக்குப் பின்னால் போய்விட்டாள்.

"பாப்பா ஹெசரேனு?" என்றார் நாகராஜ்.
"மித்ரா. அவ பேச மாட்டா," என்றேன் நான்.

ஆயுத பூஜைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

4 அக்., வெள்ளி

யாதவகிரி. அடடா, என்ன தெரு. இரண்டு பக்கமும் மரம் கைகோத்துக்கொண்டு நிற்கிறது, நட்ட நடுப் பகலில் நிழல். ஓட்டு வீடு, முன்னால் மஞ்சள் செம்பருத்தி. "எனக்கு இதுதான் வேணும்" என்று கேட்டிலேயே சொல்லிவிட்டேன். சிவா தலையில் அடித்துக்கொண்டார்.

கேட்டைத் திறப்பதற்குள் வீட்டுக்காரரிடமிருந்து போன்: இப்போதுதான் வேறு பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாம். நாங்கள் ஆட்டோவில் வந்துகொண்டிருந்த நேரத்தில். வழியெல்லாம் வயிற்றெரிச்சல். இனி முந்திக்கொள்ள வேண்டும். வீடு பிடித்தால் பேச்சே கிடையாது, அட்வான்ஸ்.

சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கு. சர்க்கிளுக்கு சர்க்கிள் வேறு நிறம். மித்ரா ஆட்டோவில் என் காதுக்குள்: "அம்மா, எல்லா மரத்துக்கும் ஸ்வெட்டர் போட்டிருக்காங்க."

6 அக்., ஞாயிறு

மழை நின்று குளிர்ந்த காலை. குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடந்தோம். நடக்கிறவர்களில் பாதிப் பேர் அரட்டைக்கு வந்தவர்கள். ஒருத்தர் கையில் துணிப்பை நிறைய கொத்தமல்லி, இன்னொருத்தர் பாட்டு முணுமுணுக்கிறார். யாருக்கும் அவசரம் இல்லை. எதிரில் வருகிற ஒவ்வொருவரும் மித்ராவைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான், நிற்பதில்லை. அது ரொம்பப் பிடித்தது. அவளும் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். கூழைக்கடா ஒன்று தண்ணீரில் இறங்கியதும், "பிளேன் மாதிரி," என்று ரகசியம்.

சிவா: "போகாதிக்காரனுக்குச் சரின்னு சொல்லிரலாமா?"
நான்: "இன்னும் சரஸ்வதிபுரம் பாக்கலீங்களே."
சிவா: "பாத்தா அதுவும் உனக்குப் புடிக்கும். அப்பறம் ரெண்டு ஊட்லயும் குடியிருக்கணும்."

இட்லி மாவு புளித்துவிட்டது. கெஸ்ட் ஹவுஸ் ஃப்ரிட்ஜ் சரியில்லை.

7 அக்., திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

சரஸ்வதிபுரத்தில் மாடி போர்ஷன். ஆறு மணிக்கு வரச் சொன்ன நாகராஜ் வரவில்லை. நாங்களே வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். கதவு விரியத் திறந்திருக்கிறது. வாசலில் செருப்புக் குவியல். வராந்தாவில் நாலைந்து பெண்கள் உள்ளே போகக் காத்திருக்கிறார்கள், உள்ளிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். எனக்கு யாதவகிரி ஞாபகம் வந்துவிட்டது. இத்தனை பேர் வீடு பார்க்க வந்திருக்கிறார்களே. சிவா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போய், நடு ஹாலில் நின்ற அம்மாவிடம் கன்னடத்தில் மூச்சு விடாமல் சொன்னேன்: "மேலே வீடு எங்களுக்குத்தான் வேண்டும், அட்வான்ஸ் இப்போதே தருகிறோம், வேறு யாருக்கும் பேசி முடித்துவிடாதீர்கள்."

அப்புறம்தான் பார்த்தேன். எல்லோரும் பட்டுச் சேலை. சுவர் நீளத்துக்குப் படிகள், படி முழுக்கப் பொம்மைகள். கொலு பார்க்க வந்தவர்கள். எங்கள் ராமாபுரம் பக்கம் காடு கழனி வைத்திருக்கிறவர்கள் வீட்டில் பொம்மை வைக்கிற வழக்கம் இல்லை. நவராத்திரி என்றால் எனக்கு ஆயுத பூஜைப் பொரியும் கடலையும்தான்.

அந்தம்மா குங்குமச் சிமிழை நீட்டினார். கூட்டம் சிரித்து ஓயும் வரை காத்திருந்தேன்.

"இதுக்குத்தான் நில்லு நில்லுன்னேன்," என்று சிவா பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னது அந்தம்மா காதில் விழுந்துவிட்டது.

"தமிழா நீங்க? மொதல்லயே சொல்றதில்லவா? குங்குமம் எடுத்துக்கோங்க ரீ. மாடி எங்கேயும் ஓடிப் போகாது."

பெயர் சுகுணா. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். மாமனார் ரயில்வே வேலைக்கு வந்தவராம். "நாங்க இங்கயே ஆயிட்டோம். என் பொண்ணு அனன்யாவுக்குத் தமிழ் ஸ்வல்பதான் வரும்."

சுண்டல், ரவிக்கைத் துணி, வெற்றிலை. பிறகுதான் மாடி. இரண்டு அறை, சிவப்புத் தரை, ஜன்னலுக்கு நேரே செண்பக மரம். பின்னால் சந்து, அங்கே ஒரு பசு. பிடித்திருக்கிறது. ரொம்ப.

இறங்கும்போது தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வாசலில். ஒரே குரலில்: "பொம்பே கூர்ஸித்தீரா?" பொம்மை வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். வீடு வீடாகப் போய் இப்படிக் கேட்பதும், கேட்டவர்களுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் இந்த ஊர் வழக்கமாம். சுகுணா ஆளுக்கொரு முறுக்கு கொடுத்தார். மித்ராவிடம் குனிந்து, "நீ கேக்கலயா?" என்றார்.

"அவ பேச மாட்டாளுங்க," என்றேன். வழக்கம்போல.

"ஓ, இன்னிக்கி பேடவா? பர்வாகில்ல." அவ்வளவுதான். பாவம் என்ற முகம் இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை. அவளுக்கும் ஒரு முறுக்கு.

இன்னிக்கு வேண்டாமா என்று கேட்டார். இன்னிக்கு. அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

8 அக்., செவ்வாய்

மேகமூட்டம். துணி காயவில்லை. சிவாவோடு வாக்குவாதம், காலை டீயிலிருந்து.

அவர் கட்சி: "அங்க எல்லாரும் எல்லாரையும் கேள்வி கேக்கறாங்க. குக்கர் சத்தம், ஸ்கூட்டர் சத்தம், வாசல்ல எப்பப் பாரு ஆளு. புள்ளையப் பேசு பேசுன்னு இம்சை பண்ணீருவாங்க. இன்னும் சுருங்கிப் போனா என்ன பண்ணுவ?"

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பெங்களூரில் பிறந்தநாள் பார்ட்டியில் ஒரு மாமி, "பேசினாத்தான் கேக்" என்று பிடித்து வைத்ததும், மித்ரா நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்ததும் இரண்டு பேருக்கும் மறக்கவில்லை.

என் கட்சி: போகாதியில் யாரும் எதுவும் கேட்கப்போவதே இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் அவள் யாருக்குப் பதில் சொல்வாள்? பதினாலாவது மாடியைத் தரையில் கட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன். நான் சொல்வது தப்பாகிப்போனால்?

மதியம் குளியலறையிலிருந்து சத்தம். மித்ரா பக்கெட்டுக்குள் தலையை விட்டு: "பொம்பே கூர்ஸித்தீரா? பொம்பே கூர்ஸித்தீரா?" கன்னடம் அச்சு அசல். கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

10 அக்., வியாழன்

சாயங்காலம் லேசான மழை. வாடகை பேசுகிற சாக்கில் மறுபடி சுகுணா வீடு. சிவாவும் மறுக்காமல் வந்தார்.

வாசலிலேயே அனன்யா மித்ராவின் கையைப் பிடித்துக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே குடையில் மூன்று தலை. சிவா பின்னாலேயே போகப் பார்த்தார். நானும்தான். சுகுணா, "அய்யோ, இதே கிராஸ்ல நாலு வீடு ரீ. காபி ஆறுது," என்றார்.

ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வாசலிலும் எல்லாப் பிள்ளைகளும் கத்துகிறார்கள். மித்ரா வாய் அசையவில்லை. நாலு வாசலிலும் இல்லை. பக்கெட்டுக்குக் கேட்டது மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. அழுகை வந்தது, காபியைக் குடித்தேன்.

திரும்பி வந்தவள் பாவாடை மடி நிறைய கோடுபளெ என்கிற வளைய முறுக்கு, ரவை உருண்டை. அனன்யா அறிக்கை வாசித்தாள்: "ஆன்ட்டி, அவளுது நானே கேட்டேன். நாளெ அவ கேப்பா. இல்லாந்த்ரெ நானே கேப்பேன்."

ஆட்டோவில் சிவா ஒரு ரவை உருண்டையைத் தின்று முடித்தார். அப்புறம்: "ஒருத்தர்கூட அவளைப் பேசுன்னு சொல்லல, கவனிச்சியா?"

"ம்."

"நாகராஜுக்கு நானே போன் பண்ணி, போகாதி வேண்டாம்னு சொல்லீர்றேன்."

இந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும். சொல்வதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

11 அக்., வெள்ளி

ஆயுத பூஜை. ஊரில் வண்டி என்று பெயருள்ளது எல்லாவற்றுக்கும் மாலை. சைக்கிள், தள்ளுவண்டி, பால்காரர் டெம்போ. பஸ் ஒன்று வாழைமரத்தோடு போகிறது. பார்த்துக்கொண்டே நின்றதில் பூசணிக்காய்ச் சிதறலில் வழுக்கிவிட்டேன், முழங்காலில் சிராய்ப்பு.

அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. நாளை விஜயதசமி, பால் காய்ச்சிவிடலாம். சாமான் அடுத்த வாரம்.

வாங்க: பால், சர்க்கரை, மஞ்சள், தீப்பெட்டி, புது விளக்குமாறு.

12 அக்., சனி

நல்ல வெயில். காலையில் பால் பொங்கியது. சுகுணா அடுப்பும் பாத்திரமும் கொடுத்தார். மதியம் ஊரே யானை ஊர்வலம் பார்க்கப் போய்விட்டது. நாங்கள் சுகுணா வீட்டு டிவியில் பார்த்தோம். பிறகு மாடிக்கு வந்து பெருக்கினேன். காலி வீடு, ஒரு பாய், ஒரு விளக்கு. செண்பக வாசம் கேட்காமலேயே உள்ளே வருகிறது.

விளக்கு வைக்கிற நேரம், படியில் தடதடவென்று சத்தம். கதவு திறந்துதான் இருந்தது. அனன்யா இல்லை. தெரியாத பிள்ளைகள் மூன்று பேர், பக்கத்துக் குறுக்குத் தெரு போல. "பொம்பே கூர்ஸித்தீரா?"

மித்ரா வாசலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் சமையலறையில், கையில் விளக்குமாறு. இல்லை கண்ணுங்களா என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சிவா என் தோளைப் பிடித்து அழுத்தினார். வாயை மூடினேன்.

மித்ரா எழுந்து நின்றாள். பிள்ளைகளைப் பார்த்தாள். காலி ஹாலைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னூ இல்ல," என்றாள். "முந்தின் வர்ஷ பன்னி."

அடுத்த வருஷம் வரச் சொல்கிறாள். பக்கெட்டில் பழகாத வாக்கியம். எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. பொம்மை வைக்காத ஏதோ ஒரு வாசலில் கேட்டிருப்பாள்.

பிள்ளைகள் சரியென்று இறங்கத் தொடங்கினார்கள்.

"நில்லி, நில்லி," என்று மித்ரா அவர்களை நிறுத்திவிட்டு, அவர்கள் காதுபட, தமிழில், முழுக் குரலில்: "அம்மா, இவங்களுக்குக் குடுக்க நம்ம ஊட்ல என்ன இருக்குது?"

பால் காய்ச்சியதில் சர்க்கரை மிச்சம் இருந்தது. ஆளுக்கு ஒரு பிடி.