லிந்தாங் கல்யாணமும் அப்பா நிறுத்திய மழையும்

யோக்யகர்த்தா

அன்பு மகன் தாமாருக்கு அம்மா எழுதுவது. அடைமழைச் சளி இருமலோடு நாங்கள் சுகமாகவே இருக்கிறோம், அந்த டச்சுக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். உனக்கு லீவு கிடைக்காததில் உன் தங்கை லிந்தாங்குக்கு மனத்தாங்கல்தான், ஆனாலும் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, நடந்த கூத்தைக் கேள்.

மாப்பிள்ளை வீட்டார் பிறந்தநாள் கணக்குப் பார்த்து இந்த மழை மாதத்தில்தான் நாள் குறித்தார்கள். பந்தலோ தெருவில், ஒரு மழை பிடித்தால் சோறும் குழம்பும் மிதக்கும். மந்திரம் போட்டு மழையைத் தடுக்கச் சொல்லிவைத்திருந்த கர்சோ முந்தின நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார், அதுவும் மழையில் நனைந்து வந்த காய்ச்சல்! லிந்தாங் ஓவென்று அழ ஆரம்பித்தாள். உடனே நம் தெருத்தலைவர் துகிமான் அப்பாவிடம் வந்து, சார், கர்சோவுக்கு ஒரு மந்திரம்தான் தெரியும், நீங்க காலேஜ்ல எல்லா மதத்தையும் நடத்தினவரு, அதுல ஒண்ணாவது வேலை செய்யாமலா போயிடும் என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம். சடங்கை ஆராய்வதுதான் என் வேலை, அதைச் செய்வதல்ல என்று ஆரம்பித்து, காரணம், விளைவு, தற்செயல் என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டார். எல்லோரும் தலைகுனிந்து பயபக்தியோடு கேட்டார்கள். முடிந்ததும் துகிமான், மந்திரம் நல்ல நீளம் சார், கண்டிப்பா பலிக்கும் என்று சொல்லி, தலைகீழாக நட்டால் மழை நிற்கும் என்று மிளகாயும் வெங்காயமும் குத்திய விளக்குமாற்றை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அப்பா அதைச் சமையலறை மூலையில் வீசிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் வானம் கன்னங்கரேலென்று இருந்தது, பக்கத்துத் தெருவில் கொட்டோ கொட்டென்று கொட்டியது, நம் பந்தலில் ஒரு சொட்டு விழவில்லை. சம்பந்தியம்மாள் அப்பாவைக் கண்டபோதெல்லாம் கைகூப்பினாள். அவரோ யாரையும் கிட்டே அண்டவிடவில்லை, போட்டோவில்கூட நாலடி தள்ளியே நிற்கிறார், அனுப்புகிறேன் பார். விருந்தாளிகள் போனபிறகு அவருடைய பாத்திக் சட்டையைத் துவைக்க வாங்கினேன், வியர்வை நாற்றம் மூக்கைத் துளைத்தது. மழையைத் தடுப்பவர் காரியம் முடியும்வரை குளிக்கக் கூடாதே, இந்த மனிதர் முந்தின நாளிலிருந்து குளிக்கவேயில்லை! ஓடிப்போய்ப் பார்த்தால் அந்த விளக்குமாறும் பந்தலுக்குப் பின்னால் தலைகீழாக நட்டிருக்கிறது. என்னங்க இது, காலமெல்லாம் மதத் தத்துவம் நடத்தினீங்களே, இதையெல்லாம் நம்புறீங்களா என்று கேட்டேன். நம்பலடி, ஆனா பொண்ணு அழுதாளே என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது.

நீயும் அதே பாடத்தை நடத்துகிறாய், உன் மாணவர்களிடம் இதைச் சொல்லிவைக்காதே. வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, நீடூழி நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, உன் கல்யாணத்தை நல்ல வெயில் காலத்தில் வை, அப்பாவைக் குளிக்கச் சொல்லி நான் கூட்டி வருகிறேன்.

உன் அம்மா,
சுமர்யாத்தி