பெட்டி இல்லாமல் திருப்பி எடுக்கமாட்டார்கள்

கொட்டாஞ்சேனை,
04.08.2025

அன்புள்ள ஜெகதீஸ்வரிக்கு,

நான் சுகம். நீர் சுகம் என்று நிருஷா மெல்பேர்ணிலிருந்து சொன்னாள். வெள்ளவத்தைச் செய்தி கொட்டாஞ்சேனைக்கு அவுஸ்திரேலியா வழியாக வருவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அம்மாவும் அப்பாவும் போனில் கதைத்தால் சண்டை வரும், எழுதினால் யோசித்தாவது சண்டை பிடிப்பார்கள் என்பது அவளுடைய தீர்ப்பு. ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் ஒரு பெட்டி பற்றியது.

போன மாதக் கடைசியில் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்று வாங்கினேன். சிரிக்கவேண்டாம். கண்ணாடிக்குள் காட்சிக்கு நின்ற சாமான். அரைவிலை. 'சிறு குறைகள் உண்டு' என்று கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. என்ன குறைகள் என்று எழுதவில்லை. உத்தியோகக் காலம் முழுவதும் காப்புறுதிக் கம்பனிக்காக உடைந்த லொறி, நனைந்த அரிசி, எரிந்த கடை என்று நட்டம் மதிப்பிட்டவனுக்கு முன்னால் அப்படி ஓர் அட்டையைத் தொங்கவிடுவது, சர்க்கரை வியாதிக்காரனுக்கு முன்னால் தொதல் வெட்டி வைப்பது போன்றது. வாங்கிவிட்டேன்.

பிடிக்காவிட்டால் இந்த மாதம் முடிவதற்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அதற்குரிய பெட்டியோடு கொடுக்கவேண்டும். கிற்றாரை நான் கையில் பிடித்துக்கொண்டு 155 பஸ்ஸில் வந்துவிட்டேன். பெட்டியை ஹெந்தளையில் உள்ள தங்கள் ஸ்டோரிலிருந்து பிறகு அனுப்புவதாகச் சொல்லி என் அடையாள அட்டையைப் பார்த்து விலாசம் எழுதிக்கொண்டார்கள். அடையாள அட்டையில் நான் இன்னும் உமது வீட்டில்தான் இருக்கிறேன்.

பெட்டி வந்திருந்தால் பத்திரமாக வையும்.

ஏன் எலெக்ட்ரிக் என்று கேட்பீர். இயர்போன் மாட்டி வாசித்தால் பக்கத்து அறைக்கும் சத்தம் கேட்காது. ஒரு வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவருக்குத் தொந்தரவில்லை. பீற்றர் வீட்டு மாடியறையில் நான் தனியாகத்தான் இருக்கிறேன், இருந்தாலும் எழுதிவைக்கிறேன். டிசெம்பரில் தான் வரும்போது அப்பா எங்கே இருப்பார் என்று நிருஷா கேட்கிறாள். அம்மாவைக் கேள் என்றேன்.

இப்படிக்கு,
நாகேந்திரம்


வெள்ளவத்தை,
11.08.2025

நிருஷாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கொட்டாஞ்சேனைத் தபால்காரர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாலும் முந்தியிருப்பார்.

பெட்டி வந்தது. லிப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. இரண்டு பேர் படியால் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சு வாங்கக் கையெழுத்துக் கேட்டார்கள். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. கிற்றார் வடிவத்தில் ஒரு குழி மட்டும் வெட்டிய, சாமான் உடையாமல் வைக்கும் வெள்ளை ரெஜிபோம். வெறுமைக்குக் கையெழுத்து வைத்து வாங்கிய முதல் ஆள் நானாக இருக்கலாம்.

மேல்வீட்டு ரூபிகா எட்டிப் பார்த்தாள். "என்ன அன்ரி, அங்கிள் சவப்பெட்டியோ ஓடர் பண்ணினவர்?" "இல்லைப் பிள்ளை, அவருக்கு இது நீளம் காணாது" என்றேன்.

நீங்கள் அதை வைத்திருக்கப் போகிறீர்களா, திருப்பிக் கொடுக்கப் போகிறீர்களா என்று ஒரு முடிவெடுத்து எழுதுங்கள். எதையாவது வீட்டுக்குக் கொண்டுவந்து, லைற் அடித்துப் பார்த்து, 'இன்னும் சொல்லமுடியாது' என்று நடு ஹோலில் போட்டு வைப்பது உங்களுக்கு உத்தியோகம். எனக்கு ஹோல்.

இயர்போன் பற்றி எழுதியதை வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் ஒரு பாட்டாவது முழுதாகப் பழகியிருந்தால், இயர்போன் இல்லாமல் வாசித்தால் நான் கேட்பேன். எனது வலது காது இன்னும் நன்றாக இருக்கிறது. டிசெம்பர் பற்றி அதன் பிறகு கதைக்கலாம்.

பிரஷர் குளிசையை விடாமல் போடுங்கள்.

ஜெகதீஸ்வரி


கொட்டாஞ்சேனை,
16.08.2025

அன்புள்ள ஜெகாவுக்கு,

உமது கடிதம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. ஆகவே கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். முடிவெடுத்துவிட்டேன்.

கிற்றாரை முறையாகப் பரிசோதித்தேன். பின்பக்கத்தில், வயிற்றில் படும் இடத்தில், பெயின்ற் உரிந்திருக்கிறது. வாசிப்பவரைத் தவிர யாருக்கும் தெரியாது, பாதகமில்லை. கழுத்துச் சற்று வளைவு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். நான் இரண்டு கண்ணும் திறந்தபடியே கண்டேன். கம்பி முறுக்கும் ஆணிகளில் ஒன்று நழுவுகிறது. பீற்றர் இங்கே தேவாலயத்தில் பூசைக்குக் கிற்றார் வாசிக்கிறவர் என்பது உமக்குத் தெரியும். அவர் ஒரு தரம் மீட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கிற்றார் இல்ல, பலகையில கம்பி கட்டி வச்சிருக்கு" என்றார். நான் வாசிக்கத் தொடங்கினால் நாய் எழும்பிப் போகிறது என்று அவருடைய மனைவி டோரின் சொல்கிறார். நாய்க்கு வயதும் போய்விட்டது.

இவை எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். பெரிய குறை பிறகுதான் பிடிபட்டது. கம்பிகளுக்குக் கீழே இரண்டு பிக்கப் இருக்கின்றன. கம்பி அதிர்வதைக் கேட்டு வெளியே சொல்வது அவைதான். "இதுதான் அண்ணே இதுட காது" என்று பீற்றர் விளக்கினார். இதில் ஒன்று செத்துவிட்டது. வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, மினுங்கிக்கொண்டு இருக்கிறது. இதுதான் ஏமாற்று. உரிந்த பெயின்ற்றை எவரும் காண்பார். கேட்காத காதை எப்படிக் காண்பது?

கடைக்கே போனேன். ஒரு பக்கம் கேட்காத சாமானை அரைவிலைக்குத் தந்ததே அதிகம், கையோடு வேறு ஏதாவது சேர்த்துத் தந்திருக்கவேண்டும், அதுதான் நியாயம் என்று எடுத்துச் சொன்னேன். அங்கே நின்ற பிள்ளை போனிலிருந்து தலை தூக்காமல், சிங்களத்தில், "எப்பா நம் பெட்டிய அரங் என்ன, அங்கிள்" என்றாள். வேண்டாம் என்றால் பெட்டியைக் கொண்டு வரட்டாம். பெட்டி இல்லாமல் எடுக்கமாட்டார்களாம்.

ஆகவே முடிவு, திருப்பிக் கொடுப்பது. பெட்டியை எடுக்க மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரலாமா? மத்தியானச் சாப்பாடு பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டுப் பழகச் சொன்னீர். குறையுள்ள சாமானில் பழகினால் பழக்கமும் குறையாகிவிடும் என்பதால் தொடங்கவில்லை.

அன்புடன்,
நாகேந்திரம்


வெள்ளவத்தை,
23.08.2025

நிருஷாவின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம்.

உங்கள் பரிசோதனை அறிக்கையை வாசித்தேன். எழுதும்போது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை நம்புகிறேன். வேண்டுமென்று எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

எனது அப்பா உங்கள் வீட்டாருக்கு எதையும் மறைக்கவில்லை. பிள்ளைக்கு இடது காது கேட்காது என்று முதல் நாளே சொன்னார். நீங்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். பிறகு புறோக்கர் வந்தார். சீதனமாக எழுதுவதாக இருந்த இரண்டறை வீடு மூன்றறை வீடானது. பெட்டைக்கு இப்படி ஒரு குறை இருந்தும் மாப்பிள்ளை ஓமெண்டிட்டார் என்று ஊரெல்லாம் உங்களைப் புகழ்ந்தது. நானும் புகழ்ந்தேன். நீங்கள் குறட்டை விடுவதை உங்கள் வீட்டார் யாருக்கும் சொல்லவில்லை. அதற்காக ஒரு குசினியாவது கூடக் கேட்டிருக்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றவில்லை. வலது காதைத் தலையணையில் வைத்துப் படுக்கப் பழகினேன். எனது இடது காதால் இந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த நன்மைகளில் அதுவும் ஒன்று.

கல்யாணம் கட்டிய புதிதில் நீங்கள் எப்போதும் எனது வலப்பக்கத்தில்தான் நடந்தீர்கள். பஸ்ஸிலும் வலப்பக்கத்தில்தான் இருந்தீர்கள். யாரும் சொல்லித் தரவில்லை. காலி வீதியில் ஒருநாள், ரோட்டு ஓரத்தில் என்னை விடக்கூடாது, வலப்பக்கத்தையும் விடக்கூடாது என்று இங்கேயும் அங்கேயும் மாறி மாறி நடந்து, ஒரு பூசணிக்காய் வண்டிலில் மோதினீர்கள். நான் இத்தனை வருஷம் அந்தப் பூசணிக்காயை வைத்துத்தான் குடும்பம் நடத்தினேன்.

சித்திரையில் நிருஷாவின் மாமியார் ஆட்கள் வந்திருந்தபோது நீங்கள் எனது இடப்பக்கத்தில் வந்து இருந்தீர்கள். இருந்துகொண்டு, "இந்த மூண்டாவது அறை எனக்கு எப்பிடிக் கிடைச்சது தெரியுமோ? இவவின்ரை ஒரு காதுக்குக் கிடைச்ச டிஸ்கவுண்ட்" என்றீர்கள். எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்ததைக் கண்டேன். நிருஷா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு, சொன்னதை அவளிடமே பிறகு கேட்டு அறிந்தேன். சொன்னதற்காக உங்களைப் போகச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் இருந்து சொன்னீர்கள் என்பதற்காகப் போகச் சொன்னேன்.

பெட்டி இங்கே பாவனையில் இருக்கிறது, தரமுடியாது.

ஜெகதீஸ்வரி


கொட்டாஞ்சேனை,
30.08.2025

அன்புள்ள ஜெகாவுக்கு,

உமது கடிதத்தை வாசித்துவிட்டுச் சாப்பிடவில்லை. டோரின் கீழேயிருந்து கூப்பிட்டார். தலையிடி என்றேன்.

கடை தந்த தவணை நாளையோடு முடிகிறது. நான் பெட்டி கேட்டு எழுதவில்லை. கிற்றாரை வைத்திருக்கத் தீர்மானித்துவிட்டேன்.

பீற்றர் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். செத்தது பிக்கப் இல்லையாம், ஒரு வயர் விட்டுப்போயிருக்கிறதாம். "ஈயம் வச்சா அஞ்சு நிமிசம், அண்ணே. வச்சு விடவா?" என்றார். வேண்டாம் என்றேன். அப்படியே இருக்கட்டும். ஒரு காதோடு அது நன்றாகத்தான் பாடுகிறது. அந்தக் காது உண்மையில் மற்றதைவிடக் கூர்மை. எங்கள் துறையில் ஒரு விதி இருந்தது. திருத்துகிற செலவு சாமானின் பெறுமதியைத் தாண்டினால் அதை முழு நட்டம் என்று எழுதி மூடிவிடவேண்டும். எத்தனையோ நல்ல சாமானை அப்படி மூடியிருக்கிறேன். இதை மூட மனமில்லை. குறைகளையெல்லாம் பெருந்தன்மையோடு பார்த்தால் இதன் பெறுமதி கொடுத்த விலைக்குச் சற்று மேலேயே வரும் என்று கணிக்கிறேன்.

ஒரு பாட்டின் முதல் பாதி வருகிறது. நீர் சமைக்கும்போது முணுமுணுப்பீரே, அந்தப் பாட்டு. மற்றப் பாதியை நீர் ஒருநாளும் பாடிக் கேட்டதில்லை. ஆகவே எனக்குத் தெரியாது. வந்து வாசிக்கட்டுமா? இயர்போன் இல்லாமல். எந்தப் பக்கம் இருக்கச் சொல்கிறீரோ அந்தப் பக்கம் இருக்கிறேன்.

எனக்கு வீட்டுக்கு வரவேண்டும், ஜெகா.

அன்புடன்,
நாகேந்திரம்


வெள்ளவத்தை,
08.09.2025

நிருஷாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் பெட்டிக்கு மேலே ஒட்டி வருகிறது. அண்ணாவின் மகன் கார்த்திகன் தன்னுடைய வான் வண்டியில் கொண்டுவந்து தருவான். அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுங்கள், கேள்வி கேட்கவேண்டாம். அவனும் மனைவியும் அடுத்த மாதம் இந்த வீட்டுக்குக் குடிவருகிறார்கள். மூன்று அறையும் அவர்களுக்குத் தேவைப்படும். பிள்ளை பிறக்க இருக்கிறது.

நான் வெள்ளிக்கிழமை இரவு மெல்பேர்ண் போகிறேன். நிருஷா டிசெம்பரில் வரமாட்டாள். விசா விஷயத்தை அவள் மே மாதமே தொடங்கிவிட்டாள். உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று சொன்னது நான். போகாமல் விட ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கிற்றார் வாங்கினதாக எழுதியபோது, இதுதானோ என்று நினைத்தேன்.

கடைசிக் கடிதத்தில் என்னிடம் மன்னிப்புக் கேட்பீர்கள் என்று தேடி வாசித்தேன். கிற்றாரை மன்னித்து எழுதியிருக்கிறீர்கள். அதையும் கணக்குப் பார்த்துத்தான் மன்னித்திருக்கிறீர்கள். உங்களால் முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். அது பெரிய குறையும் இல்லை. ஆனால் எனக்கு வயது போய்விட்டது. இனி இதில் பழகமுடியாது.

அந்த வயருக்கு ஈயம் வைக்கச் சொல்லுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்தாமல் வைத்துக்கொண்டு அதைப் பெருந்தன்மை என்று சொல்லவேண்டாம்.

பெட்டியை வேண்டுமென்று வைத்திருக்கவில்லை என்று எழுதினால் பொய். அதற்குள் உங்கள் சாமான்கள் இருக்கின்றன. சாரங்கள், கம்பளிச் சட்டை, சவர சாமான், நட்டம் பார்க்கும்போது அடிக்கும் அந்தப் பெரிய ரோர்ச். எல்லாம் அந்தக் கிற்றார் குழிக்குள்ளேயே அடங்கிவிட்டன. அழுத்தவேண்டி வரவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் மூடி ஒட்டினேன்.

பாட்டின் மற்றப் பாதி எனக்கும் தெரியாது.

வழியனுப்ப வரவேண்டாம். குளிசையை விடவேண்டாம்.

ஜெகதீஸ்வரி


கொட்டாஞ்சேனை,
11.09.2025

அன்புள்ள ஜெகாவுக்கு,

கார்த்திகன் வந்தான். தேத்தண்ணீர் கொடுத்தேன். கேள்வி கேட்கவில்லை. "மாமா, சுகமா இருக்கிறீங்களோ?" என்று அவன்தான் கேட்டான். ஓம் என்றேன்.

நாளை இரவு நீர் போகிறீர். இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து தரலாம். 155 வீட்டு முன்னாலேயே போகிறது. வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர். ஆகவே தபாலில் போடுகிறேன். இது வெள்ளவத்தைக்கு வந்து சேரும்போது கார்த்திகன்தான் கதவைத் திறப்பான்.

விமானத்தில் இடப்பக்க யன்னலோர ஆசனத்தைக் கேளும். அப்போது பக்கத்து ஆள் உமது வலப்பக்கத்தில் இருப்பார். சாப்பாடு கொண்டுவரும் பிள்ளை என்ன கேட்கிறாள் என்று உமக்குக் கேட்கும். இதை யாரும் உமக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பீற்றர் வயருக்கு ஈயம் வைத்துவிட்டார். இரண்டும் இப்போது கேட்கின்றன. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சாமான்களை எடுத்து அடுக்கிவிட்டு, பெட்டியைக் கட்டிலில் வைத்து, நீர் அனுப்பிய ரோர்ச்சை அடித்துப் பரிசோதித்தேன். நான்கு மூலையும் நசுங்கவில்லை. அட்டையில் ஈரம் படவில்லை. உள்ளே குழியின் விளிம்பு எங்கேயும் உடையவில்லை. தூசு துடைத்து அனுப்பியிருக்கிறீர்.

குறை ஒன்றும் இல்லை.

நாகேந்திரம்