வழுக்கி விழுந்ததாக எழுதியது நான்தான்

அன்புத் தங்கைக்கு,

கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். வலி குறைந்ததா?

அன்று ஓட்டலில் வேலையின்போது நீ, "அக்கா, ரூம் எடுத்த ஆளு உள்ளயே இருக்கான், தனியா போகப் பயமா இருக்கு" என்றாய். "விரிப்பு மாத்த அஞ்சு நிமிஷம், போடி" என்று அனுப்பினேன். அழுதுகொண்டே ஓடிவந்தாய். அவன் முறுக்கிய மணிக்கட்டு வீங்கியிருந்தது. மேனேஜர் சொன்னார் என்று, 'குளியலறையில் வழுக்கி விழுந்தாள்' என எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று மேனேஜரிடம், அன்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன்.

"வேலை போயிடும்மா."

"போகட்டும் சார்."

இனி ஆள் இருக்கும் அறைக்கு இருவராகத்தான் போவோம் என்று பெண்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பாய். சரிதான்.

மன்னிக்கச் சொல்லவில்லை. போனை எடுத்துத் திட்டவாவது திட்டு.

உன் அக்கா