நீ சொன்னதை நான் எழுதவில்லை, மைனி

என் அருமை மைனிக்கு,

உறவில் நீ எனக்கு மூத்தவள், என் அண்ணன் பெண்டாட்டி. வயதில் என்னைவிட இரண்டு வருஷம் இளையவள். அதனால்தான் உன்னை மைனி என்று கூப்பிட்டாலும் நீ, வா, போ என்றே பேசி வந்தேன். செத்த பிறகு மரியாதை கூட்டினால் உனக்கே சிரிப்பு வந்துவிடும்.

உன்னை அடக்கம் பண்ணிப் பத்து மாதம் ஆகிறது. இப்போது எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன், சொல்லு பார்ப்போம்? உன் அப்பா வீட்டில், ஆழ்வார்திருநகரிக்கு இந்தப் பக்கம், வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்த முற்றத்தில். உன் மகள் ரூத் அவள் தாத்தாவோடு வெற்றிலை அடுக்குகிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நேற்று ஆற்றைப் பார்த்ததும், "இவ்வளவு தண்ணியும் யாருக்கு அத்தை?" என்று கேட்டாள். நம் செம்மணல் தேரிக்காட்டில் ஒரு குடம் உப்புத் தண்ணீருக்கு வரிசையில் நின்ற பிள்ளை, வேறென்ன கேட்பாள்?

இதெல்லாம் சுற்றி வளைப்பது. விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா உன்னைக் கைவிடவில்லை, மைனி. கைவிட்டவள் நான்.

போன பதநீர்க் காலத்தில், அண்ணன் கருப்பட்டி வாங்க உடன்குடிப் பக்கம் போயிருந்த அன்று, நீ கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாய். உனக்கு எழுத்துத் தெரியாது. வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்புப் படித்தவள் என்பதால், நான்தான் தெருவுக்கே கடுதாசி எழுதிக் கொடுக்கிறவள்.

"எழுது பாக்கியம். அப்பா, அவிய என்னை அடிக்காவ. பனமட்டையால அடிக்காவ. வயித்துப் பிள்ளையும் போச்சு. இன்னும் இங்கன கிடந்தா செத்துருவேன். இதைக் கண்டதும் கிளம்பி வந்து, என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருங்க."

நீ அழாமல் சொன்னாய். நான் தலையாட்டிக்கொண்டே வேறொன்று எழுதினேன். "இவ்விடம் கர்த்தருடைய கிருபையால் அனைவரும் சுகம். தங்களைப் பார்க்க ஆசையாயிருக்கிறது. வசதிப்படும்போது ஒரு தரம் வந்து போகவும்."

ஏன் அப்படி எழுதினேன்? உன் அப்பாவுக்கும் படிக்கத் தெரியாது. கடுதாசி வந்தால் யாரையாவது வாசிக்கச் சொல்வார், தெருவே கூடி நின்று கேட்கும். என் அண்ணன் பெரிய மனிதர். வேதக்கோவிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவர். சாத்தான்குளம் வரைக்கும் எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் பெயர் நாறிப்போகுமே என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. தாலியறுத்து வந்த எனக்குச் சோறு போடுகிறவர் அவர். எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் குடும்ப மானம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

"வாசிச்சுக் காட்டு" என்றாய். நான் காகிதத்தைப் பார்த்தபடியே, நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். உன் முகம் தெளிந்தது. அந்த முகத்தை நினைத்தால் என்னையே பிய்த்துப் போடலாம் போல இருக்கிறது.

பிறகு நீ காத்திருந்தாய். தினமும் கிணற்றடியில் நின்று தேரிப் பாதையைப் பார்ப்பாய். ஒரு மாதம் போனது. ஒருநாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பாவுக்கு நான் வேண்டாம் போல, பாக்கியம்" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்தேனா? "கொடிக்கால்ல வேலையா இருக்கும், வருவாவ" என்றேன். அதற்குப் பிறகு அண்ணன் அடிக்கும்போது நீ சத்தம்கூடப் போடவில்லை.

நீ செத்தது மூன்று நாள் காய்ச்சலில் என்று அண்ணன் சொன்னார். கோவில் உபதேசியார் அதையே அடக்கப் புத்தகத்தில் எழுதினார். உன்னைக் குளிப்பாட்டினவள் நான். உன் முதுகையும் விலாவையும் பார்த்தவள் நான். அடக்கத்துக்கு வந்த உன் அப்பா, உன் முகத்தைப் பார்த்து, "சுகம்னு எழுதியிருந்தியே, தாயி" என்றார். "திடீர்னு வந்த காய்ச்சல், மாமா" என்றேன். வாய் கூசவில்லை எனக்கு.

நீ போனதும் மட்டை ரூத் பக்கம் திரும்பிவிட்டது. பதநீர்க் கலயத்தைத் தட்டிவிட்டாள் என்று அடித்தார். குறுக்கே விழுந்த எனக்கும் கிடைத்தது. உபதேசியார் வீட்டம்மாவிடம் போய் அழுதேன். "ஆம்பளைக்குக் கோவம் வரத்தான் செய்யும். அவரு சோத்தைத் தின்னுட்டு அவரையே பேசலாமா? ஜெபம் பண்ணு" என்றாள். அந்த ஊரில் நான் எந்தப் பக்கம் போவேன்? எல்லாப் பக்கமும் அவர் ஆட்கள், அவர் சோறு, அவர் பெயர்.

போன வாரம் ரூத் என் காதோடு வந்து கேட்டாள். "அத்தை, தாத்தாவுக்கு ஒரு கடுதாசி எழுதித் தாரியா? அன்னைக்கு அம்மா சொன்னாவல்லா, அதே மாதிரி."

பிள்ளை அன்று மூலையில் இருந்து கேட்டிருக்கிறாள், மைனி. காகிதத்தை எடுத்தேன், எழுதவில்லை. என் கையை நானே நம்பவில்லை. அண்ணன் சந்தைக்குக் கிளம்பிய காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். மணல் சுட்ட இடங்களிலெல்லாம் அவளை இடுப்பில் சுமந்தேன்.

உன் அப்பா அந்தக் கடுதாசியை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். உன்னிடமிருந்து வந்த கடைசிக் கடுதாசி என்று. "வாசி தாயி" என்று என்னிடமே நீட்டினார். அதில் இருந்ததை விட்டுவிட்டு, அன்று நீ சொன்னதைச் சொன்னேன்.

"அதுல அப்படி இல்லையே. எனக்கு மனப்பாடம்லா."

"அவ சொன்னது இதுதான், மாமா. எழுதினவ நான்."

அவர் திட்டவில்லை. வெகுநேரம் காகிதத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "வராமப் போயிட்டனேன்னு எம்பிள்ளை என்னை என்ன சொன்னா?" என்று கேட்டார். நீ கிணற்றடியில் சொன்னதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா, மைனி?

இன்று காலை அண்ணனிடமிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நம்ம ஊர்ச் சபைப் பெரியவர்களோடு ரூத்தைக் கூட்டிப்போக வருகிறாராம். மன்னிப்புக் கேட்டால் என்னையும் சேர்த்துக்கொள்வாராம். பிள்ளை தகப்பனுக்குத்தான் என்று இந்த ஊர்க்காரர்களும் சொல்கிறார்கள். இத்தனை தூரம் ஓடி வந்தும் அவர் வீட்டு வாசலைத் தாண்டாதது போலத்தான் இருக்கிறது. ஆள் குரல் கேட்டதும் ரூத் நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வெளியே கொண்டுவரப் பெரும்பாடாகிவிட்டது.

உன் அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். இன்று ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் மூஞ்சியைப் பார்த்து, எல்லாரு முன்னாலயும் சொல்லுவியா?"

சொல்லுவேன், மைனி. உன் முதுகில் பார்த்ததைச் சொல்லுவேன். காய்ச்சல் இல்லை என்று சொல்லுவேன். நான் எழுதிய பொய்யையும் சேர்த்தே சொல்லுவேன். சொல்லி முடிக்கும் வரை உட்கார மாட்டேன், ரூத் கையை விடமாட்டேன். விதவை பேச்சு, பொய் எழுதினவள் பேச்சு என்று தள்ளிவிடுவார்களோ, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யார் சொன்னாலும் பொறாமை, பகை என்பார்கள். கூடப்பிறந்தவளே எழுந்து நின்று சொன்னால் என்னவென்று சொல்லித் தள்ளுவார்கள்?

இப்படிக்கு,
உன்னை அடித்தவரின் தங்கை,
பாக்கியம்