பொத்தான் கூலி

ஜூன் 9

இன்றும் என் இடது செருப்பு தண்ணீர்த் தொட்டியில் கிடந்தது. வலது செருப்பின் மேல் அவளுக்குக் கோபமில்லை போலும். எட்டு வயது. மனைவியின் முதல் கல்யாணத்து மகள். நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கி ஆறு மாதம். என்னைக் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிறாள். என் மூக்குக்கண்ணாடி கொஞ்சம் தடிமன்தான். அதற்காக?

கல்லூரியில் என்னைவிட ஏழு வயது இளையவன், எனக்கு வந்திருக்க வேண்டிய துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்கிறான். வீட்டில் இது. எங்கே போனாலும் ஒரே தரமான மரியாதை.

ஜூன் 12

குழந்தைகள் ஆலோசகரிடம் போனோம். குழந்தைகளைப் புத்தகத்தில் நிறையப் பார்த்திருக்கிறார். "திட்டாதீங்க சார். நல்லது செஞ்சா பரிசு குடுங்க." இதைச் சொல்ல அரை மணி நேரம். பொருளாதாரத்தில் முதல் வாரமே நான் நடத்தும் பாடம் இது. எனக்கு யாரும் இந்தக் கட்டணம் கொடுத்ததில்லை.

மனைவியின் தையல் கடையிலிருந்து பொத்தான்கள் வந்தன. ஷூவை அலமாரியில் வைத்தால் ஒன்று. கதவை அறையாமல் சாத்தினால் ஒன்று. யாரையாவது கடித்தால் பத்து போய்விடும். ஜாடியில் நூறு சேர்ந்தால் ஸ்கேட்டிங் ஷூ. கடைசியில் நானே ஒன்று சேர்த்தேன்: என்னை 'அப்பா' என்று கூப்பிட்டால் ஐந்து.

"அதுக்குமா வெலை வெப்பீங்க?" என்றாள் மனைவி.

பொருளாதாரம் தெரியாதவர்களோடு குடும்பம் நடத்துவது கஷ்டம்.

ஜூன் 13

"அப்பா. அப்பா, தண்ணி வேணுமா? அப்பா, ஃபேன் போடவா? அப்பா." ஒரே மூச்சில். பிறகு கையை நீட்டினாள். "நாலு தடவ. இருபது."

கொடுத்தேன். தண்ணீர் வரவில்லை.

ஜூன் 15

பணவீக்கம். நான் வாசல் பூட்டைத் திறப்பதற்குள் ஏழு அப்பா. இனி நாளுக்கு ஒரு அப்பாவுக்குத்தான் கூலி என்று வரம்பு வைத்தேன்.

ஜூன் 19

காலையில் குளியலறைக்குப் போகும் வழியில், கண்ணைக்கூடத் திறக்காமல், "அப்பா." அன்றைய கணக்கு முடிந்தது. அப்புறம் நாள் முழுக்கக் கண்ணாடி.

அந்த ஒன்றுக்காக நான் அங்கே போய் நிற்கிறேன். தினமும். கையில் பேப்பரை வைத்துக்கொண்டு, படிப்பதுபோல்.

ஜூன் 24

நூறு ஆயிற்று. ஷூ, கதவு வகையில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் அப்பா வகையில் வந்தது. ஸ்கேட்டிங் ஷூ வாங்கிக் கொடுத்தோம்.

ஜூன் 25

நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"இன்னைக்கு?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கு இப்ப எதுவும் வேணாம்."

நேர்மையான வியாபாரி. சரக்கை நிறுத்திவிட்டாள். என்ன எதிர்பார்த்தேன் நான்? வாங்கிப் பழகினால் இலவசமாக வரும் என்றா? எந்தப் பாடத்தில் இருக்கிறது அது?

ஜூன் 26

பேப்பரைக் கூடத்திலேயே படித்தேன்.

ஜூலை 2

பள்ளியிலிருந்து அழைத்தார்கள். கடித்துவிட்டாள். யாரை? என் துறைத்தலைவரின் மகளை. அவனும் வந்து உட்கார்ந்திருந்தான், கழுத்து டையைத் தடவிக்கொண்டு.

"ஏம்மா கடிச்ச?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

இவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அவ இவர கண்ணாடினு சொன்னா. அவங்க வீட்டுல அப்படித்தான் சொல்வாங்களாம்."

துறைத்தலைவருக்கு இருமல் வந்தது.

"நீயும் அப்படித்தானே கூப்பிடுற?" என்றேன்.

"நான் கூப்பிடுவேன். அவங்க யாரு?"

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

வீட்டில் மனைவி பத்துப் பொத்தான் விதியை ஞாபகப்படுத்தினாள். காது கேட்காதவன்போல் இருந்துவிட்டேன்.

ஜூலை 9

சட்டைகளுக்குப் பொத்தான் பற்றவில்லை என்று ஜாடியை மனைவி கடைக்கே கொண்டுபோய்விட்டாள். யாரும் தேடவில்லை. செருப்பு இன்றும் தொட்டியில் — இப்போது இரண்டும். முன்னேற்றம்.

சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து ஸ்கேட்டிங் ஷூவை என் பக்கம் நீட்டினாள்.

"கண்ணாடி, லேஸ் கட்டு."

குனிந்து கட்டினேன்.

"இன்னும் இறுக்கமா."

அவிழ்த்து, மறுபடி கட்டினேன்.