முச்சந்திச் சிலுவையின் படம்

தபால் உறையைப் பிரித்ததும் புது அச்சு மையின் மணம் வந்தது. உங்கள் மாவட்டத்தைப் பற்றிய கையேட்டின் புதிய பதிப்பு. "இஞ்சேருங்கோ, போலந்திலயிருந்து வந்திருக்கு. அந்த மனுசன்ர படமோ?" என்று மனைவி கேட்டாள். உங்கள் கடிதத்தில் பதில் முகவரியாக என் வீட்டைத்தான் எழுதியிருந்தோம். நீங்கள் காலமாகி எட்டு மாதமாகிறது.

பிரெஞ்சு பேசும் இந்த நகரில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினொரு வருடம் ஒரே மேசையில் படுக்கை விரிப்புகளை மடித்தோம். நீங்கள் ஒரு முனை, நான் மறுமுனை. இருவருக்கும் அரைகுறைப் பிரெஞ்சு. கதைக்க அது போதும். சாப்பாட்டு வேளையில் பழைய கையேட்டை விரிப்பீர்கள். ஆணி அடிக்காமல் கட்டிய மரத் தேவாலயம், பள்ளிக்கூடமாகிவிட்ட பண்ணையார் மாளிகை, மின்கம்பத்தில் கூடு கட்டிய நாரைகள், கேட்பாரற்ற யூதர் மயானம். ஒரு சின்ன மாவட்டத்துக்கு இவ்வளவு பெருமை கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது. பக்க ஓரமெல்லாம் உங்கள் பென்சில் திருத்தம்: இந்த மரத்தின் வயது தவறு, அந்தக் குளத்துக்கு வேறு பெயர். உங்கள் கிராமம் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"எங்கள் முச்சந்தியில் ஒரு சிலுவை இருக்கிறது," என்பீர்கள். "மே மாதம் மாலைதோறும் பெண்கள் அங்கே கூடிப் பாடுவார்கள். பூ வைப்பது என் அம்மா மரியான்னா." எங்கள் ஊர்ச் சந்தி வைரவர் சூலம் போல என்றேன். "அதேதான்," என்றீர்கள், சூலத்தைக் கண்ணால் காணாமலே.

கண் மங்கி முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, அந்தச் சிலுவையையும் சேர்க்கும்படி மாவட்ட அலுவலகத்துக்குப் பெரிய பெரிய எழுத்தில் கடிதம் எழுதினீர்கள். தபாலில் சேர்த்தது நான். கூடவே உங்களிடமிருந்த ஒரே படம்: சிலுவை, பக்கத்தில் பூக்கட்டுடன் உங்கள் அம்மா. அவருடைய வேறு படம் உங்களிடம் இல்லை. மனைவி கேட்ட பிறகுதான் நகல் எடுக்காதது எனக்கு உறைத்தது. "ஒரு கொப்பியும் எடுக்காமலோ அனுப்பினனீங்கள்? அந்த மனுசன் பாவமெல்லே!"

ஞாயிறுதோறும் மெட்ரோ ஏறி வருவேன். "படம் திரும்பி வந்ததா?" என்று கேட்பீர்கள். "வந்துகொண்டிருக்கிறது," என்பேன். கடைசி ஞாயிறும் அந்தப் பொய்யையே சொன்னேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கையேட்டில் உங்கள் சிலுவை அரைப் பக்கத்துக்கு நிற்கிறது. கீழே கிராமத்தின் பெயரும் இருக்கிறது. ஆனால் சிலுவை நடுவில் வரவேண்டுமென்று யாரோ படத்தை வெட்டியிருக்கிறார்கள். உங்கள் அம்மா இல்லை. இடது ஓரத்தில் ஒரு கை மட்டும் பூக்கட்டைப் பிடித்திருக்கிறது. உறையைக் கவிழ்த்து உதறினேன். பழைய படம் அதில் இல்லை.

உங்கள் பென்சில் என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கைக்கு நேரே, பக்க ஓரத்தில், மரியான்னா என்று தமிழில் எழுதினேன். உங்கள் மொழியில் அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது. தலையில் முக்காடு, வெயிலுக்குச் சுருங்கிய கண்கள், சிரிக்காத வாய். அன்று உறையை ஒட்டுமுன் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்திருந்தேன். அந்த முகத்தைத் தெரிந்த ஆள் இனி நான்தான்.